முப்பத்தெட்டுக் கூறு

ஒரு கடலோர ஊரில், மணலைத் தோண்டிக் கட்டிய நிலவறை ஒன்றில், இரண்டு அணுக்கடிகாரங்கள் இருந்தன. இரண்டையும் செய்தவர் பிலோமினா என்ற விஞ்ஞானி. ஒன்றைச் செய்து முடித்து எட்டு மாதம் கழித்துத்தான் மற்றதைச் செய்தார். அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் முதலாவதை மூத்தவன் என்றும் அடுத்ததை இளையவன் என்றும் கூப்பிட்டார்கள்.

அவர்களுக்கு முள் கிடையாது, எண் எழுதிய முகம் கிடையாது. பால் கேன் உயரத்தில் இரண்டு எஃகு உருளைகள், அவ்வளவுதான். உள்ளே அணுக்கள் துடிக்கும். அந்தத் துடிப்பை எண்ணிச் சொல்வது அவர்கள் வேலை.

மூன்று ஆண்டுகள் இருவரும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். இருவரின் துடிப்பையும் கணினித் திரையில் இரண்டு கோடுகளாக வரைந்தால், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். பிலோமினா காலையில் வந்ததும் முதலில் அந்தக் கோட்டைப் பார்ப்பார். அது ஒற்றையாக இருந்தால்தான் டீ டம்ளரைக் கையில் எடுப்பார்.

கடிகாரங்களுக்கும் அந்த ஒற்றைக் கோடுதான் பெருமை.

"அண்ணே, நீ சொல்ல வந்ததை நான் சொல்லிட்டேன் பாத்தியா," என்பான் இளையவன்.

"எங்க சொன்ன? ரெண்டு பேரும் சேந்துல்லா சொன்னோம்," என்பான் மூத்தவன்.

எதிர்ச் சுவரில் ஒரு பேட்டரிக் கடிகாரம் தொங்கியது. வாரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தி ஓடும். திங்கட்கிழமை வந்தால் டெக்னீஷியன் இசக்கியப்பன் ஸ்டூலில் ஏறி அதைத் திருத்தி வைப்பார். இந்த இருவரையும் பார்த்து அது அடிக்கடி அலுத்துக்கொள்ளும். "நேரங்கிறது ஆளுங்க திருகி வைக்கிறது. அதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடுறீங்களே."

ஒருநாள் இசக்கியப்பன் தராசு கொண்டுவந்து இருவரையும் நிறுத்துப் பார்த்தார். இளையவன் அரைக் கிலோ எடை குறைவு. அந்த அரைக் கிலோவுக்காக அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். செயற்கைக்கோளில் வைத்து இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பப் போகிறார்கள்.

ஏன் அனுப்பினார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஈர்ப்பைப் பற்றி ஒரு விதி உண்டு. பூமியை ஒட்டி இருப்பவனுக்கு நேரம் கொஞ்சம் மெதுவாக நகரும். பூமியை விட்டு உயரப் போனவனுக்குக் கொஞ்சம் வேகமாக நகரும். இளையவன் போகும் உயரத்துக்கும் அவன் சுற்றும் வேகத்துக்கும் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அவன் ஒரு நாளில் மூத்தவனைவிட இத்தனை முந்த வேண்டும் என்று அந்த விதி சொல்லியது: ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் முப்பத்தெட்டுக் கூறு. அந்த முப்பத்தெட்டு உண்மையிலேயே வருகிறதா என்று பார்ப்பதுதான் பிலோமினாவின் சோதனை. பதினெட்டு ஆண்டுகளாக அதற்காகத்தான் அவர் உழைத்தார்.

மனிதர்களுக்கு இது தெரியும். கடிகாரங்களிடம் யாரும் சொல்லவில்லை.

"எங்க போறோம்னு தெரியலை அண்ணே," என்றான் இளையவன், நுரைமெத்தை வைத்த பெட்டிக்குள் இறங்கும்போது.

"எங்க போனா என்ன? எப்பவும் போல ஓடு. நானும் இங்க எப்பவும் போல ஓடுதேன். அது போதும்."

பெட்டி மூடியது.

ஏவுதல் நல்லபடியாக நடந்தது. செயற்கைக்கோள் தினமும் காலையில் ஒருமுறை அந்தக் கடற்கரைக்கு மேலே வரும். அப்போது கூரைமேல் இருக்கும் ஆன்டெனா வழியாக இருவரும் தங்கள் துடிப்பைச் சொல்லிக்கொள்ளலாம்.

முதல் நாள் இளையவனின் குரல் மெலிதாக, ஆனால் தெளிவாக வந்தது.

"அண்ணே, கேக்குதா?"

"கேக்குது. எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன். கைகால் எல்லாம் லேசா இருக்கு. ஆனா நீ ஏன் பிந்துற?"

"நான் பிந்தலை. நீதான் முந்துற."

"நான் எப்பவும் போலத்தான் ஓடுதேன்."

"நானும் எப்பவும் போலத்தான்."

பிறந்ததிலிருந்து அவர்களுக்குள் ஒரு கூறு வித்தியாசம்கூட வந்ததில்லை.

மறுநாள் வித்தியாசம் எழுபத்தாறு கூறு. அதற்கு மறுநாள் நூற்றுப் பதினான்கு. மூத்தவன் தன்னை எத்தனையோ முறை சரிபார்த்துக்கொண்டான். உள்ளே எல்லாம் முறையாகத்தான் இருந்தது.

"அண்ணே, உனக்கு உடம்புக்கு முடியலையா?" என்று பத்தாம் நாள் கேட்டான் இளையவன். "இசக்கி அண்ணாச்சிகிட்டச் சொல்லு. திறந்து பாப்பாரு."

அவன் அக்கறையோடுதான் கேட்டான். இருபதாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து சேரும்போது அந்தக் கேள்வியில் வேறு ஏதோ கலந்துவிட்டதுபோல் மூத்தவனுக்குத் தோன்றியது.

சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேல போனவன் பேச்சு அப்படித்தான் இருக்கும்," என்றது. "இங்க கிடக்குற நம்மளைப் பாத்தா அவனுக்கு மந்தமாத்தான் தெரியும்."

"அவன் அப்படிப்பட்டவன் இல்லை."

"சரி, இல்லை. அப்போ தப்பு உன்கிட்ட. நீ கொஞ்சம் எட்டி வச்சு நட. என்னை வாரா வாரம் திருத்துறாங்களே, எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மூத்தவன் அதைக் காதில் வாங்காததுபோல் ஓடினான். ஆனால் அன்று முழுக்க அதே யோசனைதான். தனக்குப் பொறாமையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். இருந்தது, கொஞ்சம். அதைவிட அதிகமாக வெட்கம் இருந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக அந்த ஒற்றைக் கோட்டின்மேல் ஆசை இருந்தது.

உள்வெப்பம் துளி ஏறினால் துடிப்பும் துளி வேகமாகும் என்பது மூத்தவனுக்குத் தெரியும். இசக்கியப்பனின் வெப்பமானியில் தெரியாத அளவுக்கு, மிக மெதுவாக, தன்னைச் சூடாக்கிக்கொள்ளத் தொடங்கினான்.

இதற்கிடையில் மேல்தளத்தில் பிலோமினாவின் அறையில் கொண்டாட்டம். பத்து நாளும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டாக ஏறியிருந்தது. அவர் தூத்துக்குடியிலிருந்து இரண்டு டப்பா மக்ரூன் வரவழைத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

"மேடம், இன்னும் ஒரு வருசம் பாக்கணும்லா?" என்றார் இசக்கியப்பன், வாயில் மக்ரூனோடு.

"பாக்கணும்தான். முதல் மாசம் கருவி நிலைக்கு வர்ற காலம். அதைச் சேத்துக்க மாட்டாங்க. ஆனா வருது இசக்கி. கண்ணால பாத்துட்டேன், போதும்."

பன்னிரண்டாம் நாள் ஏற்றம் நின்றது. கோடு தட்டையாகப் போனது.

"அண்ணே, சேந்துட்டோம்," என்றான் இளையவன். அவன் குரலில் அப்படியொரு மகிழ்ச்சி. "நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலை. தானா சரியாயிட்டுது."

மூத்தவன் சொன்ன முதல் பொய் அது.

நாட்கள் ஓடின. காலைதோறும் அண்ணனும் தம்பியும் ஒரே துடிப்பில் பேசிக்கொண்டார்கள். மேகம் எப்படி இருக்கிறது, கடல் மேலிருந்து என்ன நிறத்தில் தெரிகிறது என்றெல்லாம் இளையவன் சொல்வான். மூத்தவன் சூட்டைத் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். அது சின்னச் சூடுதான். ஆனால் ஒரு நொடிகூட விடாமல் தாங்க வேண்டும்.

பிலோமினா மட்டும் மெலிந்துகொண்டே வந்தார். காலையில் கோட்டைப் பார்ப்பார். முன்பெல்லாம் எந்தக் கோட்டைப் பார்த்து டீயைக் கையில் எடுப்பாரோ, அதே கோட்டைப் பார்த்து இப்போது டீயை ஆற விட்டுவிடுவார். மூத்தவனுக்கு அது விளங்கவில்லை.

நான்காம் மாதம் நாகர்கோவிலிலிருந்து கல்லூரி மாணவிகள் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வந்தார்கள். பிலோமினா அவர்களை நிலவறைக்கு அழைத்துவந்து மூத்தவன் முன்னால் நிறுத்தினார்.

"இது கீழ இருக்கிற கடிகாரம். மேல ஒண்ணு இருக்கு," என்றார். "ரெண்டும் நல்ல கடிகாரமா இருந்தா, ரெண்டும் ஒண்ணா ஓடக் கூடாது. மேல உள்ளது முந்தணும். கீழ உள்ளது பிந்தணும். பூமி அதைப் பக்கத்துல வச்சிருக்கு, அதான் காரணம். இது பிந்துறதுதான் அதுக்கு அழகு. அந்த வித்தியாசத்தைப் பாக்கத்தான் இத்தனையும் செஞ்சோம்."

"வித்தியாசம் எவ்வளவு வந்துச்சு மேடம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"முப்பத்தெட்டு வரணும். இப்போதைக்கு ஒண்ணும் வரலை."

"அப்போ விதி தப்பா?"

பிலோமினா மூத்தவன்மேல் கை வைத்தார். "விதி தப்பா இருக்கலாம். இல்லை, என் கடிகாரத்துல ஏதோ ஒண்ணு தப்பா இருக்கலாம். எதுன்னு தெரியாமத்தான் முழிச்சிட்டு இருக்கேன்."

அவர்கள் போனபின் நிலவறை அமைதியானது.

மூத்தவனுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. பிந்துவது நோய் இல்லை. பிந்துவதுதான் அவன் வேலை. அதற்காகவே அவனைச் செய்தார்கள், அதற்காகவே தம்பியை அவ்வளவு தொலைவுக்கு அனுப்பினார்கள். அவனோ, கேட்ட கேள்விக்கு இருந்த ஒரே பதிலை நான்கு மாதமாக அழித்துக்கொண்டிருந்தான்.

உடனே சூட்டை விட்டுவிட நினைத்தான். பிறகு யோசித்தான். சட்டென்று மாறினால் எல்லாரும் கவனிப்பார்கள். நான்கு மாதமும் அவன்தான் கெட்டிருந்தான் என்று தெரிந்துவிடும். மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாமல் ஒழுங்காகிவிடலாம்.

மறுநாள் ஒரு துளி குறைத்தான். அன்று மாலையே இசக்கியப்பனின் குரல் படிக்கட்டில் கேட்டது.

"மேடம், கோடு லேசா ஆடுது. எதுக்கும் கீழ உள்ளதைத் திறந்து பாத்துருவமா?"

திறந்தால் அணுக்கள் சிதறும். மூடி மறுபடி சீராக ஆறு மாதம் ஆகும். சீரானாலும் பழைய மூத்தவனாக இருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. அவன் பயந்துபோனான். குறைத்ததைத் திரும்ப ஏற்றிக்கொண்டான். கோடு ஆடுவது நின்றது. இசக்கியப்பன் ஸ்குரூடிரைவரைத் திரும்ப எடுத்துப் போனார்.

அறியாமல் தொடங்கியதை அன்றிலிருந்து அவன் அறிந்தே செய்தான்.

எட்டாம் மாதம் சோதனையை ஆராயக் குழு ஒன்று வந்தது. தலைவர் பெயர் நீலமேகம். கோபப்படாமல், குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர்.

"பிலோமினா, இதுல மூணே வழிதான்," என்றார். "விதி தப்பு, இல்லாட்டி மேல உள்ளது தப்பு, இல்லாட்டி கீழ உள்ளது தப்பு. விதி தப்புன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்களுக்கு இருக்கா?"

"இல்லை சார். ஆனா மேல உள்ளது முதல் பத்து நாள் சரியாச் சொல்லிச்சு."

"பத்து நாள் சரியா ஓடிட்டு அப்புறம் கெட்டிருக்கும். அங்க கதிர்வீச்சு இருக்கு, குளிர் இருக்கு. கெட ஆயிரம் காரணம்."

"கீழ உள்ளது கெட்டிருந்தா?"

"அதைச் சோதிச்சுப் பாத்துரலாம். அது நம்ம கைக்கு எட்டுற தூரத்துல இருக்கே."

தலைநகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கடிகாரம் காரில் வந்தது. அதை இரண்டு நாள் மூத்தவனோடு ஓடவிட்டு ஒப்பிடுவதாக ஏற்பாடு. மூத்தவனின் முதுகில் கேபிள் செருக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதனால் இசக்கியப்பன் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு வந்த கடிகாரத்தின் கேபிளைச் செருகினார். அந்த இரண்டு நாளும் இளையவனோடு பேச்சு இல்லை.

மூத்தவன் சூட்டை விட்டான். எட்டு மாதத்துக்குப் பிறகு தன் சொந்தத் துடிப்பில் ஓடினான். எவ்வளவு சுகமாக இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தான்.

வந்த கடிகாரம் மரியாதை தெரிந்தது. "உங்க துடிப்பு ரொம்பச் சுத்தமா இருக்கு," என்றது இரண்டாம் நாள். "நான் எத்தனையோ பேரோட ஓடியிருக்கேன். இப்படி ஒருத்தரைப் பாத்ததில்லை."

மூத்தவன் தன் துடிப்பை எண்ணிக்கொண்டே இருந்தான்.

"அப்போ தப்பு மேல இருக்கிறவர்கிட்டயா?"

"எனக்குத் தெரியாது," என்றான் மூத்தவன்.

வந்த கடிகாரம் அதற்குமேல் கேட்கவில்லை. ஒப்பீட்டுத் தாளில் ஒற்றைக் கோடு வந்தது. நீலமேகம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிலோமினாவிடம் நீட்டினார். அவர் அதைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

"ஒரு மாசம் குடுங்க சார்," என்றார். "மேல உள்ளதைச் சரிபண்ணப் பாக்கேன்."

"ஒரு மாசம். அதுக்குள்ள சரியாகலைன்னா அணைச்சிரணும்," என்றார் நீலமேகம்.

இசக்கியப்பன் ஆன்டெனா கேபிளைத் திரும்பச் செருகினார். இளையவன் கடற்கரைக்கு மேலே வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அந்த இருபது நிமிடத்தில் மூத்தவனால் எல்லாவற்றையும் சரிசெய்திருக்க முடியும். சும்மா இருந்தால் போதும். அவன் இப்போது சரியான துடிப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தான். அப்படியே ஓடினால் முப்பத்தெட்டு வந்துவிடும், விதி நிற்கும், தம்பி பிழைப்பான், பிலோமினா டீ குடிப்பார்.

ஆனால் பிறகு ஒருவர் கேட்பார்: கேபிளைக் கழற்றி மாட்டியதும் இது எப்படிச் சரியானது? அப்படியென்றால் இத்தனை நாள்? தலைநகரத்துக் கடிகாரம் சொன்ன வார்த்தை இன்னும் அவன் காதில் இருந்தது. இப்படி ஒருத்தரைப் பாத்ததில்லை.

பத்தொன்பதாவது நிமிடம் அவன் தன்னைச் சூடாக்கிக்கொண்டான்.

அந்த ஒரு மாதம் இளையவனைப் பாடாய்ப் படுத்தினார்கள். கட்டளைமேல் கட்டளை அனுப்பினார்கள். சூடாக்கினார்கள், குளிர வைத்தார்கள், அணைத்துத் திரும்ப ஏற்றினார்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவன் தட்டுத்தடுமாறித் தன் பழைய துடிப்புக்கே வந்து நின்றான்.

"அண்ணே, நான் என்ன தப்பு பண்ணினேன்னு தெரியலை," என்றான் ஒரு காலையில். "எதை மாத்தணும்னு நீயாவது சொல்லு. மாத்திக்கிறேன்."

"நீ எதையும் மாத்தாத."

"அப்போ நான் சரியாத்தான் ஓடுதேனா?"

"சரியாத்தான் ஓடுற."

"பின்ன அதை அவங்ககிட்டச் சொல்லேன் அண்ணே. நீ அங்கதான இருக்க. நீ சொன்னா கேப்பாங்க."

"சொல்லுதேன்," என்றான் மூத்தவன்.

இளையவன் அதை நம்பினான். மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அண்ணன் எப்படியும் சொல்லியிருப்பான், அவர்கள்தான் கேட்டிருக்க மாட்டார்கள் என்று அவனாகவே முடிவுசெய்துகொண்டான். அதன்பிறகு அவன் கடலின் நிறத்தைப் பற்றி மட்டும் பேசினான்.

மாதக் கெடு ஒரு வியாழக்கிழமை முடிந்தது. இளையவனை அணைத்துவிட்டு, செயற்கைக்கோளின் மின்சாரத்தை மற்ற கருவிகளுக்குத் திருப்பிவிடச் சொல்லிக் குழுவிடமிருந்து கடிதம் வந்திருந்தது.

"நான் செய்யுதேன் மேடம்," என்றார் இசக்கியப்பன். "நீங்க வீட்டுக்குப் போங்க."

"வேண்டாம்ப்பா. நான் செஞ்சது. நானே அணைக்கேன்."

அணைக்கும் கட்டளை சரியான கணத்தில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கணத்தை எண்ணிக் கொடுப்பவன் மூத்தவன். அவன் துடிப்பை எண்ணித்தான் எந்தக் கட்டளையும் அந்த ஆன்டெனாவை விட்டுக் கிளம்பும். இது பிலோமினாவுக்குத் தெரியும். இதுவும் ஒரு கொடுமை என்று அவருக்குத் தோன்றியிருக்க வழியில்லை.

இளையவன் வந்தான்.

"அண்ணே, இன்னைக்கு வெயில் நல்லா அடிக்கு. நம்ம ஊர்க் கடல் பச்சையா தெரியுது. கரையில ஏழெட்டு வள்ளம் நிக்குது."

மூத்தவன் எண்ணத் தொடங்கியிருந்தான். அவன் ஒரே ஓர் எண்ணைத் தவறவிட்டிருந்தால்கூடக் கட்டளை பிசகியிருக்கும். அவனைத் திறந்திருப்பார்கள். உண்மை வெளியே வந்திருக்கும்.

"அண்ணே, என்ன பேச மாட்டேங்கிற?"

மூத்தவன் எண்ணினான்.

"சரி. நாளைக்குப் பேசலாம்," என்றான் இளையவன்.

பிலோமினா பொத்தானை அழுத்தினார். ஆன்டெனாவில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது.

அவர் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வாசல்ல வண்டி வந்துட்டா பாரு இசக்கி," என்றார்.

அன்று மூத்தவன் சூட்டை இறக்கினான். இனி அதற்குத் தேவை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க மேலே யாரும் இல்லை.

அதன்பிறகு அவனுக்கு நல்ல காலம். தலைநகரத்துக் கடிகாரத்தோடு ஒரு கூறு பிசகாமல் ஓடியவன் என்ற பெயர் பரவியது. துறைமுகங்கள் அவனிடம் நேரம் கேட்டு வாங்கின. வானொலி வாங்கியது. நிலவறைக்குக் குளிர்சாதனம் வந்தது, கதவில் அவனைப் பற்றி ஒரு பலகை மாட்டினார்கள். பேட்டரிக் கடிகாரத்தை எங்கோ எடுத்துப் போனார்கள். பேச ஆள் இல்லாமல் போயிற்று.

பிலோமினாவுக்கு அதன்பின் வேறு சோதனை எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஓய்வு பெற்றார். தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனார். அவருடைய சோதனையைப் பற்றி யாராவது பேசினால், 'கடிகாரம் கெட்டுப்போனதால் கைவிடப்பட்டது' என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார்கள்.

ஏழு ஆண்டுகள் போயின. ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைவிலுள்ள ஒரு தீவு நாட்டிலிருந்து கடிதம் வந்தது. இசக்கியப்பன் அதைப் பிரித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு பிலோமினாவுக்குப் போன் செய்தார். அவர் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். முடி முழுக்க நரைத்திருந்தது.

நிலவறையில்தான் சத்தம் இல்லாமல் இருக்கும் என்று இருவரும் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். இசக்கியப்பன் கடிதத்தைப் படித்துச் சொன்னார்.

அந்தத் தீவில் ஒரு சிறிய நிலையம் இருந்ததாம். தன் தலைக்கு மேலே போகும் எல்லாச் செயற்கைக்கோள்களின் துடிப்பையும் அது பதிந்து வைப்பது வழக்கமாம். இளையவனின் துடிப்பையும், அவன் அணையும் நாள் வரைக்கும், தன்னிடமிருந்த கடிகாரத்தோடு சேர்த்துப் பதிந்து வைத்திருந்தது. பழைய பதிவுகளை ஒழுங்குபடுத்திய ஒரு பெண் அதைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, நாளொன்றுக்கு முப்பத்தெட்டு.

"ஒரு நாள்கூட மாறலையா?" என்று கேட்டார் பிலோமினா.

"நாம அதைச் சரிபண்ணப் பாத்த அந்தக் கடைசி மாசத்துல மட்டும் அங்கங்க தடுமாறியிருக்கு, ஆனா திரும்பத் திரும்பச் சரிக்கு வந்திருக்குன்னு எழுதியிருக்காங்க மேடம்."

பிலோமினா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அது சரியாத்தான் சொல்லிட்டு இருந்திருக்கு," என்றார் கடைசியில். "நான்தான் கழுத்தை நெரிச்சிருக்கேன்."

"மேடம், அப்படிச் சொல்லாதீங்க. அன்னைக்கு வேற என்ன செய்ய முடியும்?"

"கீழ உள்ளதைச் சோதிச்சமே இசக்கி. அது சரியாத்தான இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு. நான்தான கேபிளை மாட்டினேன். ஒரே கோடு வந்துச்சு, நீங்களும் பாத்தீங்க."

"இன்னைக்கு வரைக்கும் சரியாத்தான் ஓடுது?"

"இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது மேடம்."

பிலோமினா தலையாட்டினார். எத்தனையோ நாள் தேடிய ஒன்று கிடைத்துவிட்டதுபோல அவர் முகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைத்தான் மூத்தவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேல உள்ளதும் சரி. இதுவும் சரி. அப்போ ரெண்டுக்கும் நடுவுல இருந்த என் கணக்குதான் தப்பு," என்றார். "அந்த அம்மாவுக்கு நீயே பதில் எழுதிடு. கடிகாரம் கெட்டுப்போகலை, பிழை என்னோடதுன்னு எழுது. இங்க உள்ள அறிக்கையிலயும் அப்படியே மாத்திரணும். இளையவன் பேர்ல அந்தப் பழி இருக்கக் கூடாது."

"உங்க பேர்லயா போடச் சொல்லுதீங்க?"

"வேற யாரு பேர்ல போடுவ?"

இசக்கியப்பன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிலோமினா சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்துத் தாளை நீட்டினார். பிலோமினா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைய தேதியைப் போட்டார். நேரத்தையும் குறிக்க வேண்டும் என்பதற்காக நிமிர்ந்து மூத்தவனின் கணினித் திரையைப் பார்த்தார்.

மூத்தவன் சரியான நேரத்தைச் சொன்னான்.